டமாரத்துக்குக் காது கேட்கும்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் அக்கா டாக்ஸி ஓட்டுகிறாள். இரைந்து பேசுவதால் கம்பெனியில் அவளுக்கு டமாரம் என்று பெயர். இந்த வருடம் அதற்கு முன்னால் ‘செவிட்டு’ என்பதும் ஒட்டிக்கொண்டது.

ஆபீஸிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். பதினெட்டு வருடம் ஓட்டிய மீசைக்காரருக்குப் போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. அக்காவுக்கு இரண்டு கோடு விழுந்திருந்தது.

“காதை வீட்டுல கழட்டி வச்சிட்டு வர்றேன்னு நெனச்சீங்களா சார்? உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். அதுக்குள்ள நீங்க கூப்பிடுறது எங்கேர்ந்து கேக்கும்?”

சூப்பர்வைசர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “செட்டு நல்லா இருக்குன்னு மெக்கானிக் எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க போய்க் காதைக் காட்டுங்க, நல்ல டாக்டரா பாத்து.”

மெக்கானிக், ஆபீஸ் வாசலிலேயே ஆன்டெனாவுக்கு அடியில் வண்டியை நிறுத்திக் கேட்டிருந்தான். அங்கே கணீரென்றுதான் கேட்கும். ஊர்க்கோடியில் சிமெண்டுக் கிடங்கைத் தாண்டினால் குரல் மெலியும். இரைச்சல் மட்டும் மெலியாது.

விடுமுறை நாளில் அக்கா கிடங்குக்கே வண்டியை ஓட்டிப் போனாள். கூடவே புருஷனையும் இழுத்துப் போனாள்; எங்களுக்கு அவர் மாமா. மாமாவுக்கு பேக்கரியில் வேலை. அவருக்குக் கோபமே வராது. அக்காவின் கோபத்தில் பாதி அதனால்தான்.

முதலில் எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்தாள். உஸ் நிற்கவில்லை. எஞ்சின் மேல் பழி போட வழியில்லை. பிறகு மாமா குனிந்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“இன்னும் கத்துது. மாட்டுங்க. அடுத்தது.”

“கொஞ்சம் மெதுவா கேளேன். பக்கத்துலதானே இருக்கேன்.”

ஹாரன், விளக்கு, கண்ணாடி துடைப்பான் எல்லாம் போய் வந்தன. மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “விட்டுடேன். வேற வேலை பாத்துக்கலாம்.”

“எதை விடுறது? வேலை போனா போகட்டும். காது கேக்காதவன்னு எழுதி அனுப்புவானே, அப்புறம் எவன் என்கிட்ட வண்டிச் சாவியைக் குடுப்பான்? பிடுங்குங்க அடுத்ததை!”

ஏழாவது ஃபியூஸில் உஸ் நின்றது. கதவைச் சாத்தினாற்போல் அப்படி ஒரு அமைதி.

அது சிகரெட் லைட்டர் துளைக்குப் போகும் ஃபியூஸ். அந்தத் துளையில் செருகியிருந்தது போன் சார்ஜர். மாமா ஃபியூஸைத் திரும்ப மாட்டியதும், அக்கா சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தாள். அமைதி. செருகினாள். உஸ். அதன் முதுகில் கம்பெனி முத்திரை. வழி காட்டும் போன் அணைந்துவிட்டது என்று எவனும் சாக்கு சொல்லக் கூடாதென்று, சூப்பர்வைசரே போன வருடக் கடைசியில் எல்லா வண்டிக்கும் ஒன்று கொடுத்திருந்தார்.

மாமா பயந்துபோனார். அக்கா கத்தவில்லையே.

“மீசைக்காரர் வண்டியிலயும் இதானே இருந்துச்சு?” என்றாள் மெதுவாக.

மறுநாள் காலை அவள் ஆபீஸில் வயர்லெஸ்ஸில் கூப்பிடும் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். பிறகு சூப்பர்வைசரின் மேஜை முன்னால் போய் நின்றாள். “நீங்களே வந்து ஒரு தடவை கேட்டுடுங்க சார். கூப்பிடுறது உங்க காதுல விழலேன்னா செட்டோட தப்பு, விழுந்தா என் காதோட தப்பு. வண்டியை நானே விட்டுடுறேன்.”

சுலபமாகத் தொல்லை தீரும் என்று அவர் வந்தார். கிடங்குப் பக்கம் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் அவரை உட்கார வைத்தாள். உஸ் என்றது செட்டு. பத்து நிமிடம் போயிற்று.

“என்ன, ஒருத்தரும் கூப்பிடவே இல்லையே?” என்றார்.

அக்கா சார்ஜரைப் பிடுங்கினாள். உடனே வந்தது ஆபீஸ் பெண்ணின் குரல்: “சூப்பர்வைசர் சார், நாலாவது தடவையா கூப்பிடுறேன். காதுல விழுதா, இல்லையா?”

அவர் பதில் சொல்ல வயர்லெஸ் மைக்கை எடுக்கக் கை நீட்டினார். அக்கா அதை முந்திக்கொண்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்க கணக்குப்படி இப்ப நாலு கோடு சார். அது அப்புறம். மொதல்ல உங்க போனை எடுத்து மீசைக்காரரைக் கூப்பிடுங்க. சத்தமா பேசுங்க. அவருக்கும் காது கேக்காதுன்னுதானே எழுதி வச்சிருக்கீங்க.”