மூடியில் எழுதிய காஞ்சா

என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடி கிடக்கிறது. டப்பா எப்போதோ உடைந்து போயிற்று. மூடியில் ஒட்டிய வெள்ளை டேப்பில், ஆங்கில எழுத்துகளில், 'காஞ்சா' என்று எழுதியிருக்கிறது. எழுதியது அக்கா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு முன்பே சேர்ந்த திருநெல்வேலிக்காரி; வயதில் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், வாயில் ரொம்பவே பெரியவள். கல்கத்தாவின் ஜாதவ்பூரில் அந்தக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் எங்கள் இருவரைத் தவிரத் தமிழ் பேச ஈ காக்கை கிடையாது. நான் அதே ஊரில், பவானிபூரில் பிறந்தவள். அப்பா அங்கே அப்பளமும் காப்பித்தூளும் விற்றார். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் வங்காளம். கோபம் வந்தால் வங்காளம் மட்டும்தான். "ஏட்டி, ஒன் தமிழ்ல சீனி சாஸ்தி" என்று அக்கா என்னைக் கிண்டல் செய்வாள்.

ஏரியின் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அதன் அடிச்சேற்றைக் கேட்பது எங்கள் வேலை. தண்ணீர் இன்றைக்கு ஒன்று சொல்லும், மழை பெய்தால் நாளைக்கு வேறு சொல்லும். சேறு அப்படியில்லை; வருஷக்கணக்காக மேலே நடந்ததையெல்லாம் அடுக்கடுக்காகப் பிடித்து வைத்திருக்கும். குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, அடுக்குகளாக வெட்டி, உலர்த்திப் பொடித்து, சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அதன்மேல் பாய்ச்சுவோம். திரும்பி வரும் ஒளி குறையக் குறையக் கணினியில் ஒரு கோடு உயரும். ஏற்கெனவே ரசாயனச் சோதனை செய்த சேறுகளின் கோடுகளோடு அதை ஒப்பிட்டால், கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும். ஒரே ஒரு நிபந்தனைதான்: பொடியில் ஈரம் இருக்கக்கூடாது. ஈரம் அந்த ஒளியை விழுங்கிவிடும், கோடு பொய் சொல்லும். கல்கத்தா மழைக்காலத்தில் உப்பே நீர்விட்டு நிற்கும்போது இது என்ன சாமானியப்பட்ட வேலையா?

அந்த ஆடி மாதம் நகரின் கிழக்கோரத்து ஏரி ஒன்றின் சேறு எங்களிடம் இருந்தது. ஏரி கெட்டுவருகிறது என்று நாங்கள் எழுதினால் மீன்பிடிக் குத்தகை நின்றுவிடும். எங்களுக்குப் படகு ஓட்டியவரின் மனைவி, ஜாதவ்பூர் சந்தையில் அந்த ஏரி மீனை விற்கிறவள். எல்லோருக்கும் அவள் மாஷி, அதாவது சித்தி. சந்தைப் பக்கம் போனாலே "மாட்டி கீ போல்லோ?" என்பாள். மண் என்ன சொன்னது என்று அர்த்தம். நான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். உலர்த்தும் எந்திரத்தில் ஒரு தொகுதி காய்ந்து முடிந்து, அடுத்தது பாதியில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. அக்கா இரண்டையும் பொடித்து இரண்டு டப்பாக்களில் போட்டாள். பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம். முழுக்கக் காய்ந்த பொடி இருந்த டப்பாவின் மூடியில், 'காஞ்ச பொடி' என்ற நினைப்பில், ஆங்கில எழுத்தில் 'காஞ்சா' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள். வங்காளத்தில் காஞ்சா என்றால் பச்சை, காயாதது. காஞ்சா லங்கா என்றால் பச்சை மிளகாய். தினம் காய்கறிக்காரனிடம் கேட்டு வாங்குகிற சொல். நான் மற்ற டப்பாவை எடுத்து ஒளி காட்டினேன்.

கோடு எகிறியது. ஏரி சாக்கடையாகிவிட்டது என்றது கணினி. சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா கோட்டைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். "இத யாருட்டி எடுக்கச் சொன்னா? காஞ்சதுன்னு கொட்ட எழுத்துல எழுதி வச்சிருக்கேம்லா!" "அதான் காஞ்சான்னு போட்டிருக்கே, அதனாலதான் அதைத் தொடலை!" ஒருவரையொருவர் முறைத்தோம். சட்டென்று புரிந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒத்தச் சொல்லுட்டி. ஒரு குடும்பத்துச் சோத்துல மண்ணப் போடப் பாத்தமே" என்றாள். காய்ந்த பொடியில் கோடு அடங்கி நின்றது. ஏரி நன்றாகத்தான் இருந்தது. சேதி கேட்ட மாஷி ஒரு பொட்டலம் மீனைத் தூக்கி அக்காவின் கையில் வைத்தாள். அக்கா சுத்த சைவம். இரண்டு கையாலும் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்து என்னிடம் தள்ளினாள். தப்பு யாருடையது என்று இன்றும் எங்களுக்குள் தீரவில்லை.

அக்கா இப்போது ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நான் அதே அறையில் இருக்கிறேன். அதே ஏரியின் சேறு இந்த வாரம் மறுபடி வந்தது. படகு ஓட்டியது மாஷியின் மகன். மாஷிக்குத் தலை நரைத்துவிட்டது, கேள்வி மட்டும் மாறவில்லை. பொடியை உலர்த்தினேன், கோடு எகிறியது. எந்திரத்தைச் சந்தேகப்பட்டேன், என்னைச் சந்தேகப்பட்டேன், திரும்ப உலர்த்தினேன். கோடு இறங்கவில்லை. ஏதாவது ஒரு மடத்தனம் நடந்திருக்கக்கூடாதா என்று மூடி மூடியாகத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லாக் காஞ்சிதாட்டி?" என்றாள். எங்களுக்குள் இப்போது அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நல்லாக் காஞ்சிருச்சு அக்கா. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

அந்தப் பழைய மூடியைக் கையில் பிடித்தபடி, அவள் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அக்கா திட்டவில்லை. "அப்ப மாஷிட்ட நீயே போய்ச் சொல்லிருட்டி" என்றாள்.