மிருதங்கம் இல்லாத கச்சேரி

அன்று மகளின் கையை நான் பிடித்து நிறுத்தியது சரியா? இத்தனை மாதமாகியும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு நாலு வயது. பாரிஸில், ரூ காய் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருக்கிறோம். ஊரில் ஆறு வருடம் வாய்ப்பாட்டுப் படித்தவள் நான். வெங்காயம் உரித்தபடியே அவளுக்கு ஆதி தாளம் காட்டிக்கொடுத்தேன். தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டித் திருப்புவது இரண்டு தரம். கசெட் போட்டால் சோற்றை விட்டுவிட்டுத் தாளம் போடுவாள்.

பக்கத்து அறையில் பாண்டிச்சேரி அக்கா ஒருவர். தபால் அலுவலகத்தில் வேலை. அவர்தான் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க கோயில்ல வயலின் வாசிக்கிறாங்க. துட்டு வேணாம். புள்ளையக் கூட்டிக்கினு வாம்மா."

தேவாலயத்துக்குப் பொட்டோடு போகலாமா என்று வழியில் யோசித்து ஒட்டுப்பொட்டைக் கழற்றினேன். வாசலில் திரும்பவும் ஒட்டினேன். அக்கா பார்த்துச் சிரித்தார்.

நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பேர் வயலின் போன்றவற்றைத் தோளில் வைத்திருந்தார்கள். இளம்பெண் ஒருத்தி செலோ என்னும் பெரிய வயலினைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"அம்மா, மிருதங்கக்காரர் இன்னும் வரேல்லையோ?"

"இஞ்சை மிருதங்கம் இல்லை. சத்தம் போடாதையுங்கோ."

வாசிக்கத் தொடங்கினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாரிஸ் வந்த பிறகு, பயமில்லாமல் நான் இருந்த முதல் ஐந்து நிமிடம் அதுதான். அப்போது பக்கத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். மிருதங்கம் இல்லாத குறையை மகள் தீர்த்துவைக்கிறாள்! பிசகில்லாத ஆதி தாளம். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்து என் மடியில் அமுக்கினேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வாசிப்பு நின்றது. மனம் நிறைந்து நான் கைதட்டினேன். முழு மண்டபத்திலும் நான் ஒருத்திதான்.

"அம்மா, நீங்கள் மட்டும் தட்டுறியள்!"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாகம் பாகமா வாசிப்பாங்கம்மா. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தட்டணும்."

முடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடினேன். என் அரைகுறை பிரெஞ்சு செலோக்காரிக்கு விளங்கவில்லை. அக்கா எடுத்துச் சொன்னார். செலோக்காரி என் மகளுக்கு முன்னால் குந்தி, எப்படி எண்ணினாய், காட்டு என்றாள்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இஞ்சை தட்டலாமோ?"

"ஓம் செல்லம், தட்டுங்கோ."

அவள் தட்ட, செலோக்காரி அதற்கு வாசித்தாள். வயலின்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். சுண்டுவிரல் வரும்போதெல்லாம் மூவரும் சிரித்தார்கள். வீட்டில் சொன்னபோது என் கணவர், "அப்ப வெள்ளைக்காரற்ற கச்சேரிக்கு உம்மட மகள்தான் பக்கவாத்தியமோ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் தவறவிட்டதில்லை. மகள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, கண் விரியக் கேட்பாள். கடைசியில் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டுவாள். நான் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இப்போது வீட்டில் கசெட் போட்டாலும், தாளம் போட முன்னர் என் முகத்தைப் பார்க்கிறாள். "அம்மா, இஞ்சை தட்டலாமோ?"

தட்டுங்கோ என்றுதான் ஒவ்வொரு தரமும் சொல்கிறேன். ஆனாலும் கேட்கிறாள். இங்கே பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: தேவாலயத்தில் அடங்கியிருக்கவும் வீட்டில் கேட்காமல் தட்டவும் ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?