மாவுத் தூக்குவாளிக்கு விழுந்த அபராதம்

இலுப்பூரில் எந்த விழா நடந்தாலும் முதல் வரிசையில் ஒரு நாற்காலி குணசேகரனுக்கு என்று ஆகிவிடும். யாரும் ஒதுக்கி வைப்பதில்லை, அவரே சீக்கிரம் போய் உட்கார்ந்துகொள்வார். காதுகுத்து, கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி. மேடையில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது கீழே உட்கார்ந்திருக்கும் இவருடைய தோள்கள் தாமாகவே கொஞ்சம் குனிந்து கொடுக்கும். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தத் தோளில் தன்னுடைய சொந்தத் துண்டைத் தவிர வேறொன்றும் விழுந்ததில்லை என்பது அவருக்கு உள்ளூர ஒரு பெரிய குறை.

இத்தனைக்கும் மனிதர் உதவாக்கரை இல்லை. குடுமியான்மலையில் பிறந்து, புதுக்கோட்டையில் லேப் டெக்னீசியன் படித்து, மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருஷம் ரத்தம் எடுத்துவிட்டு, ஊர் திரும்பி, இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ‘குணா ரத்தப் பரிசோதனை நிலையம்’ ஆரம்பித்தவர். ஊசி குத்தியது தெரியாமல் ரத்தம் எடுப்பார். எடுத்ததற்கெல்லாம் சீட்டு ஒட்டுவார். பெயர், வயது, ஆணா பெண்ணா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதாமல் அவருடைய ஃப்ரிட்ஜுக்குள் எதுவும் போகாது. இந்த நல்ல பழக்கம்தான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

அவருடைய மனைவி பரிமளா வீட்டு வாசலில் இட்லி மாவு விற்கிறவள். அரிசியை அவள் கழுவுவதைப் பார்த்தால் அரிசி மேல் அவளுக்கு ஏதோ கோபம் என்று நினைக்கத் தோன்றும். மாவு வாங்க வருகிறவர்கள் கொண்டுவரும் பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பாள், அடியில் கரி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். பரிமளா அக்கா மாவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அந்தப் பக்கம் முழுக்கப் பேச்சு. அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எழுத்து என்று எதைக் கண்டாலும் விடமாட்டாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரை, விரலால் தொட்டுத் தொட்டு, வாய்விட்டுப் படிப்பாள்.

சித்திரை வெயிலில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. மெக்கானிக் பிச்சைமுத்து அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவர், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் அந்த வெயிலில் மாவு விடிவதற்குள் புளித்துவிடும்.

“ஏங்க, மாவத் தூக்கிட்டுப் போயி நம்ம கண்ணுசாமி அண்ணன் பால்கடை ஃப்ரிட்ஜுல வச்சிட்டு வாங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றாள் பரிமளா.

சரி என்று தலையாட்டினார் குணசேகரன். ஆனால் கண்ணுசாமியோடு அவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. வியாபாரிகள் சங்க விழாவில் இவருக்கு வரும் என்று இவர் நம்பிக்கொண்டிருந்த பொன்னாடை கண்ணுசாமிக்குப் போனதோடு, சங்கத் தலைவர் பதவியும் அவருக்கே போய்விட்டது. அந்த ஆளிடம் போய் ஃப்ரிட்ஜில் இடம் கேட்பதா என்று வீம்பு. நேராக லேபுக்குப் போய், தூக்குவாளியைத் தன்னுடைய ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினார். மேல்தட்டில் ஊரார் ரத்தம், கீழ்த்தட்டில் ஊரார் தோசை. பரிமளாவிடம் பால்கடை என்றே சொல்லிவிட்டார். வைத்த கையோடு பழக்கதோஷத்தில் வாளியின் மேல் ஒரு சீட்டும் ஒட்டினார். பரிமளா, வயது நாற்பத்தாறு, பெண், சாப்பாட்டுக்கு முன்.

தினமும் சாயங்காலம் போவதும் காலையில் வருவதுமாக வாளி பழகிப்போன நேரத்தில், சுகாதாரத் துறையிலிருந்து தேவிப்ரியா என்ற அதிகாரி ஒரு நாள் கடை திறக்கும்போதே சோதனைக்கு வந்து நின்றார். சின்னப் பெண், சத்தமாகக்கூடப் பேசாதவர். கட்டண விவரப் பலகை கதவுக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

“இது என்னங்க?”

“சாம்பிள்ங்க மேடம்.” வாய் முந்திக்கொண்டது.

தேவிப்ரியா சீட்டைப் படித்தார். “பரிமளாங்கறது யாரு?”

“என் வீட்டுக்காரிங்க.”

“ஒருத்தர்கிட்ட இருந்தா இவ்வளவு எடுத்தீங்க?”

குணசேகரன் வாயைத் திறப்பதற்குள், உள்ளே பொங்கிக்கொண்டிருந்த மாவு மூடியை லேசாகத் தூக்கி ஒரு முறை மூச்சு விட்டது. தேவிப்ரியா மாவை அங்கேயே கொட்டச் சொல்லிவிட்டு, அதையும் குறித்துக்கொண்டார். அன்று ஊருக்குப் பரிமளா மாவு கிடைக்கவில்லை. வாளி கை தவறிக் கொட்டிவிட்டது என்று வீட்டில் இன்னொரு பொய். பிச்சைமுத்து பழைய ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கியது அதற்கு மறுநாள். அந்த மனுஷனை என்ன சொல்ல?

உத்தரவு வந்தது. அபராதம் ஒன்று, அதை மூச்சுக் காட்டாமல் கட்டிவிட்டார். இரண்டாவதுதான் அவரைச் சாய்த்தது. நடந்த தவறு என்ன, யார் செய்தது, என்ன தண்டனை என்பதை மக்களுக்குத் தெரியும்படி தமிழில் எழுதி ஒரு மாதம் லேப் வாசலில் வைக்க வேண்டும். செய்யாவிட்டால் லேபின் பதிவை நிறுத்திவைப்பார்கள். தவறு என்ற இடத்தில், ‘மனைவி பரிமளா விற்பனை செய்யும் இட்லி மாவை ரத்த மாதிரிகளோடு வைத்திருந்தது’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. லேபை விட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை. இது வெளியே தெரிந்தால் பரிமளாவின் மாவை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதைவிட, பரிமளா இவரைத் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஃப்ளெக்ஸ் கடை அஜித்திடம் போய் விஷயத்தைச் சொல்லாமல் சொன்னார்.

“போர்டும் வைக்கணும் தம்பி, யாரும் படிக்கவும் கூடாது.”

“அவ்வளவுதானா? ஃப்ளெக்ஸுல போட்டுருவோம்ணே” என்றான் அஜித். “நானும் எத்தன வருசமா அடிச்சிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தன்கூடப் படிச்சதில்ல. போட்டோவ மட்டுந்தான் பாப்பாய்ங்க.”

பிறந்தநாள் வாழ்த்துக்கு வைத்திருந்த டிசைனை எடுத்தான். மேலே உத்தரவில் இருந்த அரசு முத்திரை. ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் பூந்தொட்டி, நடுவில் கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பிச் சிரிக்கும் குணசேகரன். உத்தரவின் வாசகம் ஓர் எழுத்துக் குறையாமல் அவருடைய வேட்டிக் கரைக்குக் கீழே இடம்பிடித்தது. எழுத்து பெரியதுதான். ஆனால் சிங்கத்தை விட்டுக் கண் கீழே இறங்கினால்தானே?

அஜித் சொன்னது பலித்தது. கொஞ்சம் அளவுக்கு மீறிப் பலித்தது. வைத்த அன்றே பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கை கொடுத்தார்கள். அரசாங்க விருதா அண்ணே, சொல்லவே இல்லையே என்றார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்த குணசேகரனுக்கு, கை கொடுத்தது சுகமாக இருந்ததால் வாய் மூடிக்கொண்டது. சாயங்காலம் கண்ணுசாமியே படியேறி வந்தார்.

“பழச மனசுல வச்சுக்காத தம்பி. சங்கத்துல பேசிட்டோம். சனிக்கிழம சாயந்தரம் இங்கிட்டே, ஒன் லேப் வாசல்லயே, பொன்னாட போத்துறோம்.”

குணசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் ஏங்கியது வாசல் தேடி வந்திருக்கிறது, தவறான விலாசத்துக்கு வந்திருந்தால் என்ன, வாங்கி வைத்துக்கொள்வோம் என்று மனசு சொன்னது. வீட்டில் பரிமளாவும் கேட்டாள்.

“விருதாமே? எதுக்குக் குடுத்தாய்ங்க?”

“ஃப்ரிட்ஜ் பராமரிப்புக்கு” என்றார்.

வெள்ளிக்கிழமை தேவிப்ரியா வந்தார். ஃப்ளெக்ஸை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம் இது என்ன என்று கேட்டார், விருது என்று பதில் வந்தது. ஆட்டோக்காரரிடம் கேட்டார், அவர் ஜனாதிபதி விருது என்றார்.

“சார், எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஆனா போர்டு மாட்டச் சொன்னது மாட்டுறதுக்காக இல்ல. மக்களுக்குத் தெரியணும். திங்கக்கெழம வந்து இதே மாதிரி ரெண்டு பேருகிட்ட கேப்பேன். தெரியலன்னா பதிவ நிறுத்திவைக்க எழுதிருவேன்.”

குணசேகரன் ஆடிப்போனார். சனிக்கிழமை காலையில் ரத்தம் கொடுக்க வந்த ஒருவரின் கையில் ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டே, “எனக்கு விருதெல்லாம் இல்லங்க, அபராதந்தான் போட்டுருக்காக” என்று மெல்ல ஆரம்பித்தார்.

“இந்தத் தன்னடக்கம்தாண்ணே ஒங்ககிட்ட” என்று அவர் மறுகையால் இவர் தோளைத் தட்டினார்.

அடுத்தவரிடம், ஃப்ரிட்ஜில் மாவு வைத்திருந்தேன் என்று சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அண்ணனுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று வெளியே போய்ச் சொன்னார். நல்ல பெயர் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்றுவது எவ்வளவு பாடு என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

சாயங்காலம் லேப் வாசலில் பந்தல், மைக் செட், நாற்காலிகள். குணசேகரன் முதல்முறையாக எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணுசாமி பேசி முடித்துப் பொன்னாடையை விரித்தார். அது தோளில் விழுந்தபோது மெத்தென்று, நினைத்ததைவிட இதமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பரிமளா வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. ஃப்ளெக்ஸுக்கு நேரே போய் நின்று, விரலை நீட்டி, முத்திரையிலிருந்து ஆரம்பித்தாள்.

விரல் சிங்கத்தைத் தாண்டியது. கூலிங் கிளாஸைத் தாண்டியது. வேட்டிக் கரையை எட்டி, “பரிசோதனை நிலையத்தின் பெயர்” என்று அவள் வாய்விட்டுப் படிப்பது காதில் விழுந்தது. இன்னும் இரண்டே வரி. அவளாகப் படித்துத் தெரிந்துகொள்வதைத் தாங்க முடியாது என்று குணசேகரனுக்குப் பட்டது. கண்ணுசாமி கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

“எல்லாரும் கேளுங்க. இது விருது இல்ல, தண்டன. பரிமளா ஆட்டுன மாவ நான் ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜுல வச்சேன். அவளுக்கு இது தெரியாது. பால்கடையில வச்சேன்னு பொய் சொன்னேன். தப்பு என்னோடது, மாவு அவளோடது.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “அப்ப சித்திரையில நான் தின்ன தோச?” என்று கேட்டுவிட்டு, பதில் வேண்டாம் என்று அவரே உட்கார்ந்துகொண்டார். கண்ணுசாமி மெதுவாக வந்து பொன்னாடையை எடுத்தார். அடுத்த விழாவுக்கு ஆகுமே என்று பழைய மடிப்பு மாறாமல் மடித்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

பரிமளா விரலை எடுக்காமல் மிச்ச இரண்டு வரியையும் படித்து முடித்தாள். அப்புறம் நேரே வீட்டுக்குப் போனாள்.

அன்றிரவு அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்து வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாவு மேஜையின் மேல் ஒரு கரும்பலகை சாத்தியிருந்தது. சாக்பீஸில், முத்துமுத்தாக, பரிமளாவின் எழுத்து.

‘பிரிட்ஜ் ரிப்பேரான சமயம் இங்கே வாங்கிய மாவு ரத்தப் பரிசோதனை பிரிட்ஜில் இருந்தது. மூடித்தான் இருந்தது, ஆனாலும் இருந்த இடம் தப்பு. அப்போது வாங்கியவர்கள் ஒரு தடவை சும்மா வாங்கிக்கொள்ளவும். இனி வீட்டு பிரிட்ஜ்தான், யாரும் வந்து திறந்து பார்க்கலாம். தப்புச் செய்தவர் குணசேகரன். என் வீட்டுக்காரர்தான். தண்டனை, ஒரு மாதம் இவருக்கு இட்லி தோசை கிடையாது, உப்புமாதான்.’

சிங்கமும் இல்லை, பூந்தொட்டியும் இல்லை. ஆனால் தெருவே நின்று படித்தது. படித்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு உப்புமாவுக்கு வந்ததும் சிரித்தார்கள், பிறகு உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு நாள் கூட்டம் குறைவுதான். திங்கட்கிழமை தேவிப்ரியா வந்தபோது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, பூக்காரம்மாவே மாவுக் கதையை முழுவதும் சொல்லி முடித்தாள். அதிகாரி பரிமளா வீட்டு வாசலுக்கே போய்க் கரும்பலகையைப் படம் பிடித்துக்கொண்டு, போகும்போது மாவும் வாங்கினார். அவருடைய பாத்திரத்தையும் பரிமளா திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள்.

குணசேகரன் மட்டும் தினமும் அந்தப் பலகையில் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். என் வீட்டுக்காரர்தான். அந்த ஒரு சொல்லுக்காக மாதக் கணக்கில் உப்புமா தின்னலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் ஒரு கோடை மழை அடித்துப் பலகையைச் சுத்தமாகக் கழுவிவிட்டது. பரிமளா உள்ளே அரிசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குணசேகரன் பலகையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு பலகையைத் துண்டால் துடைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். மனப்பாடம்தானே, ஓர் எழுத்து விடாமல் எழுதினார். உப்புமாவையும் விடவில்லை.

ஈரக் கையோடு வெளியே வந்த பரிமளா விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“ஒங்க பேரு சின்னதா இருக்கு” என்றாள், அத்தனை நாளைக்குப் பிறகு முதல்முறையாக. “நல்லாப் பெருசா எழுதுங்க.”

குணசேகரன் அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினார்.