ஜிப்புக்குக் கற்றுக்கொடுத்த பெயர்

பெரில் ஸ்கேன்லனுக்கு ஈரல் வாடை ஆகாது. அப்படியிருந்தும் இரண்டு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் மாட்டு ஈரலை நகமளவு துண்டுகளாக நறுக்கி, தட்டில் பரப்பி, மின்சார அடுப்பில் மூன்று மணி நேரம் காயவைத்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் துருப்பிடித்த இரும்பைக் காய்ச்சின மாதிரி ஒரு நாற்றம். திரைச்சீலையில் ஏறும், தலைமுடியில் ஏறும். மறுநாள் வேலைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எல்லாம் வீட்டு நாய் ஜிப்புக்காக. ஜிப்புக்காக என்றுகூடச் சொல்ல முடியாது. ஜிப்புக்கு வித்தை பழக்கும் தன் புருஷன் நெவிலுக்காக.

மெர்பீன் என்ற ஊரில் உலர்திராட்சையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் கூடத்தில்தான் இருவருக்கும் வேலை. நெவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பெரில் திராட்சை நகர்ந்து வரும் பெல்ட்டின் ஓரம் நின்று காம்பும் கல்லும் பொறுக்கினாள். நெவிலுக்கு முதுகு போனது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் அவன் முகம்கூட மழிக்காமல் டிவி முன்னால் கிடந்தான். கேட்டால் பதில் இல்லை, வைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் யாரோ வேண்டாமென்று விட்ட ஒரு கெல்பி நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான்; அதுதான் ஜிப். ஆட்டு மந்தையை ஓட்டப் பிறந்த ஜாதி. ஓட்ட ஓர் ஆடுகூட இல்லாத வீட்டில் அது சுற்றிச் சுற்றி வந்து நெவிலின் கண்ணையே பார்த்தது. அவன் பேச ஆரம்பித்தான். முதலில் நாயோடு, பிறகு பெரிலோடு. அந்த நன்றியில்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரல் நறுக்கினாள்.

நெவிலுக்கு நாய் பழக்கும் கை இருந்தது, அதை மறுக்க முடியாது. அதட்ட மாட்டான். ஒரு சொல், ஒரு சைகை, சரியாகச் செய்த அந்த நொடியில் ஒரு துண்டு ஈரல். உட்கார், படு, உருளு எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. பிறகு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பியர் கேனைக் கவ்விக்கொண்டு வந்து, திரும்பப் போய்க் கதவை மூக்கால் தள்ளிச் சாத்தியது. அந்தக் கேனைப் பெரில் தொட மாட்டாள். எச்சில் நூல் நூலாகத் தொங்கும். நெவில் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு அப்படியே குடிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்கட்டில் சாசேஜ் சுடுவார்கள். நெவிலின் பழைய கூட்டாளிகள் டெஸ், கார்ஃபீல்டு இருவரும் வருவார்கள். ஜிப் வித்தை காட்டும்.

அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் பாட்டு கேட்கும். அது சேனியின் வீடு. டோங்கா தீவிலிருந்து கணவனோடு திராட்சை பறிக்க வந்தவள். கணவன் மாரடைப்பில் போய்விட்டான். அவள் அதே கூடத்தில், பெல்ட்டில் பெரிலுக்கு நேர் எதிரே, நான்கு வருஷமாக நிற்கிறாள். ஞாயிறு சர்ச் முடிந்ததும் சொந்தக்காரர்கள் வேன் வேனாக வந்து அவள் வீட்டில் சாப்பிட்டுப் பாடுவார்கள். வேன்கள் நெவில் வீட்டுப் புல் ஓரத்திலும் ஏறி நிற்கும்.

"புல்லெல்லாம் நாசம் பண்றாளுங்க," என்பான் நெவில். "இது தெருவா, இவளுக துறைமுகமா?"

"ஒரு வார்த்தை சொன்னா நகர்த்திடுவாங்க. நான் சொல்லட்டுமா?" என்பாள் பெரில்.

"நீ சும்மா இரு. அவ குடுக்கிறத தின்னுட்டு அவளுக்குப் பரிஞ்சு பேசாதே."

தின்றது உண்மைதான். சேம்பிலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சுருட்டி வேகவைத்த லூ என்ற பண்டத்தை, மாதம் ஒருமுறையாவது சேனி வேலிக்கு மேலே நீட்டுவாள். நெவிலும் தின்பான். ஜிப்புக்கும் ஒரு வாய் உண்டு. சேனி வேலி இடுக்கில் விரலை விட்டு அதன் காதைச் சொறிவாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. நெவில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். "புது உருப்படி ஒண்ணு இருக்கு. நாலு நாளா ஷெட்டுக்குள்ள வச்சுப் பழக்கினேன். பெரிலுக்கே தெரியாது."

ஜிப்பை உட்காரவைத்து மூக்குக்கு எதிரே ஒரு பிஸ்கட்டை நீட்டினான். "ஜிப், இது சேனி குடுத்தது."

நாய் உதட்டைச் சுருட்டியது. பல் தெரிந்தது. அடித்தொண்டையில் உறுமிவிட்டு, ஏதோ அழுகலை முகர்ந்த மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"சரி, இது அம்மா குடுத்தது." பெரிலைக் காட்டினான்.

லபக்கென்று விழுங்கியது.

கார்ஃபீல்டு தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். டெஸ்ஸுக்குப் பியர் மூக்கில் ஏறிவிட்டது. "டேய் மச்சான், இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

பெரிலும் சிரித்தாள். வாய் தானாகத் திறந்து, சத்தம் வெளியே வந்துவிட்டது. நாயின் முகம் அவ்வளவு மனுஷத்தனமாக இருந்தது. சிரித்து முடிப்பதற்குள் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கையில் ஒன்றும் இல்லை. மறுபடி கழுவினாள்.

மறுநாள் பெல்ட்டுக்கு எதிரே சேனி நின்று, "என்ன பெரில், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது, "வெயில்தான்," என்றாள்.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து வந்து பெரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜிப் நிழலில் படுத்திருந்தது. வேலிக்கு மேலே ஒரு தட்டு தெரிந்தது, பிறகு சேனியின் முகம்.

"ஜிப், என் ராசா! யாரு வந்திருக்கா பாரு. சேனி வந்திருக்கேன்."

நாய் எழுந்து நின்றது. உதட்டைச் சுருட்டி உறுமியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சேனிக்குப் புரியவில்லை. "ஐயோ, என்னாச்சு இதுக்கு? பல்லு வலியா? என்கிட்ட இது உறுமினதே இல்லையே." விரலை வேலி இடுக்கில் விட்டாள். குரலை இறக்கி, குழந்தையிடம் பேசுகிற மாதிரி மறுபடி சொன்னாள். "ஜிப்பு, நான்தான்டா, சேனி."

மறுபடி அதே உறுமல், அதே திருப்பல். செய்து முடித்துவிட்டு நாய் பெரிலைப் பார்த்து வாலை ஆட்டியது. கூலி கேட்டது.

கையில் ஈரத் துணியோடு பெரில் நின்றாள். சேனி நாயைப் பார்த்தாள், பெரிலைப் பார்த்தாள். விரலை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டாள். தட்டும் வேலிக்குக் கீழே இறங்கியது. கதவு சாத்தும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது.

பெரில் நேராக ஷெட்டுக்குப் போனாள். "எப்படிப் பழக்கின?"

நெவில் பெருமையாகவே சொன்னான். வினிகரில் நனைத்த துணி. பெயரைச் சொல்லி மூக்கில் வைத்தால் நாய் முகத்தைத் திருப்பும், உடனே ஈரல். உறுமலுக்கு எலும்பு. பெயரைச் சொல்லிக்கொண்டே எலும்பைப் பிடுங்குவது. உறுமினால் திருப்பிக் கொடுப்பது. "மூளைக்கார நாய்டி. நாலு நாள்ல பிடிச்சுக்கிச்சு."

"என் ஈரல்ல பழக்கினியா இதை?"

"வேற யாரு ஈரல்ல?" சிரித்தான். "விளையாட்டுடி. நாய்க்கு என்ன தெரியும், அவ டோங்காவா டிம்பக்டூவான்னு?"

"நாய்க்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

அவன் காதைக் குடைந்தான். குடைந்த விரலைப் பார்த்துவிட்டுக் கால்சட்டையில் துடைத்தான். முப்பத்தொரு வருஷமாகப் பார்த்த பழக்கம்தான். அன்று பெரிலுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் சேனி வேறு பெல்ட் கேட்டு வாங்கிக்கொண்டு கூடத்தின் கோடிக்குப் போய்விட்டாள்.

பெரில் வியாழக்கிழமை ஈரல் காயவைத்தாள். ஆனால் டப்பாவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நெவில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கிளப்புக்குப் போகும் ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, "சேனி," என்றாள். ஜிப் உறுமித் திருப்பியது. ஒன்றும் கொடுக்கவில்லை. மறுபடி, "சேனி." நாய்க்குக் குழப்பம். இன்னும் பலமாக உறுமியது, இன்னும் அழகாக முகத்தைத் திருப்பியது. அது நல்ல பிள்ளையாக இருக்கத்தான் பாடுபட்டது. அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. அப்புறம் ஈரலை வாயருகே வைத்துக்கொண்டே பெயரைச் சொன்னாள். நாய் ஒடுங்கிற்று, வினிகர் வருமென்று நினைத்ததோ என்னவோ. கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கம் விட்டது. அவளுடைய விரல்கள் ஈரலும் எச்சிலுமாக எந்நேரமும் பிசுபிசுத்தன. ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லியிருப்பாள். நாலு நாளில் ஏறியதை இறக்க ஐந்து வாரம் ஆயிற்று.

நடுவில் ஒரு மாலை, விளையாட்டாக, "ஜிப், இது நெவில் குடுத்தது," என்று வினிகர் புட்டியை எடுத்து மூடியைத் திருகினாள். நாய் ஆர்வமாக நிமிர்ந்து பார்த்தது. எதைக் கற்றுக்கொடுத்தாலும் கற்றுக்கொள்ளும் கண். மூடியை இறுக்கி, புட்டியை வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அந்தக் கை செய்யவிருந்ததை நினைத்து அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை.

அறுவடை நெருக்கடியில் சில வாரம் வராமலிருந்த கூட்டாளிகள் ஏப்ரலில் ஒரு ஞாயிறு வந்தார்கள். கார்ஃபீல்டு தன் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்; அந்த வித்தையைப் பார்க்கத்தான். நெவில் பிஸ்கட்டை நீட்டினான்.

"ஜிப், இது சேனி குடுத்தது."

நாய் பிஸ்கட்டை வாங்கித் தின்றது. வாலை ஆட்டிக்கொண்டு நெவிலின் கையை நக்கியது.

"இல்ல, இல்ல. இரு. ஜிப்! சேனி!"

நாய் துள்ளி எழுந்து முன்காலை அவன் வயிற்றில் வைத்தது. டெஸ் சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தான். மைத்துனன், "இவ்வளவுதானா?" என்றான்.

"நான்தான் மாத்தினேன்," என்றாள் பெரில். சாசேஜ் இடுக்கி அவள் கையில் இருந்தது. "அந்த வித்தை அசிங்கம். நீங்க சிரிச்சது அசிங்கம். நான் சிரிச்சது அதைவிட அசிங்கம். சாப்பிடறதுன்னா சாப்பிடுங்க."

யாரும் சாப்பிடவில்லை. டெஸ் தன் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, "வரேன் பெரில்," என்று முனகிவிட்டுப் போனான். மற்ற இருவரும் கூடவே போனார்கள்.

"என் சிநேகிதங்க முன்னால என் மூஞ்சில கரி பூசிட்ட," என்றான் நெவில்.

"வினிகர் பூசலியே," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் பெரில் கோடி பெல்ட்டுக்குப் போய் சேனியின் பெஞ்சில் உட்கார்ந்தாள். சேனி நகர்ந்து இடம் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

"அந்த நாய்க்கு அப்படி…"

"தெரியும்."

"நானும் சிரிச்சேன் சேனி. முதல் தடவை."

"அதுவும் தெரியும். வேலி அவ்வளவு உயரமில்லையே. என் பேரைச் சொல்றாங்க, நீங்க எல்லாம் சிரிக்கிறீங்க. அன்னிக்கு எதுக்குன்னு தெரியல. அப்புறம் நாயே சொல்லிடுச்சு." சேனி ரொட்டியைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினாள்.

"இப்ப அதை மறக்க வச்சுட்டேன். உங்க பேரைச் சொன்னா துள்ளுது. ஒரு தடவை வந்து பாருங்க."

"நாய் நல்ல நாய்தான். எனக்கு அதுமேல கோபமில்ல." முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரு? அவரு மறந்துட்டாரா?"

மணி அடித்தது, பெரில் எழுந்துபோனாள்.

பதில் வீட்டில் இருந்தது. காரை விட்டு இறங்கும்போதே ஷெட்டிலிருந்து நெவிலின் குரல் வந்தது. "சேனி! சேனி!" பிறகு சங்கிலி இழுபடும் சத்தம், பிறகு ஒரு கீச்சு. அவன் கையில் ஈரல் இல்லை. கழுத்தை நெரிக்கும் சங்கிலி மாட்டி, நாய் வாலாட்டும்போதெல்லாம் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் மயிர் உரிந்து தோல் சிவந்திருந்தது. ஜிப் தரையோடு தரையாகப் படுத்து, தன்மேலேயே மூத்திரம் பெய்திருந்தது. வினிகர் நாற்றமும் மூத்திர நாற்றமும் முகத்தில் அடித்தன.

"கிட்ட வராதே," என்றான். "இது என் நாய்."

அவள் குனிந்து சங்கிலியைக் கழற்றினாள். அவன் கையைப் பிடித்தான். அந்தக் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, விட்டுவிட்டான். நனைந்த நாயை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காரில் போட்டாள்.

பக்கத்து ஊரான ரெட் கிளிஃப்ஸில் தங்கை டல்சியின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது.

"முப்பத்தொரு வருஷம் குடித்தனம், ஒரு நாய்க்காக விட்டுட்டு வந்தியா அக்கா?" என்று டல்சி கேட்டாள்.

"நாய்க்காக இல்லடி. அவன் கை பட்ட சோத்துக் கரண்டியைத் தொட முடியல. அவ்வளவுதான்."

ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். நெவில் நான்கைந்து முறை போன் செய்தான். ஒருமுறை அழுதான். நாயைத் திருப்பிக் கேட்டான், அவளைத் திரும்பி வரச் சொன்னான். சேனியைப் பற்றி மட்டும் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அதைச் சொல்வானா என்றுதான் அவள் ஒவ்வொரு முறையும் கடைசிவரை கேட்டாள், கேட்டுவிட்டு வைத்தாள்.

சேனி தன் பழைய பெல்ட்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் குளிர்காலத்தில் பெரிலுக்குக் கார் பழுதானபோது, அவள் கேட்காமலே டல்சி வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு வாரம் சேனி அவளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினாள். வழியில் திராட்சையைப் பற்றியும் மேஸ்திரியைப் பற்றியும் பேசினார்கள். ஜிப் வாசல் கதவடியில் நின்று வாலாட்டும். சேனி வேன் ஜன்னல் வழியாகத் தலையசைப்பாள், இறங்க மாட்டாள். பெரிலும் இறங்கச் சொல்வதில்லை.