பூட்டிக் காத்தவர்

கல்லூரி மலருக்காக, ஓய்வு பெற்ற நூலகர் வெற்றிவேலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். இதைப் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

மலைமேல் இருக்கும் எங்கள் கல்லூரியில் நான் வரலாறு நடத்துகிறேன். போளூர்ப் பக்கம் ஒரு கல்லூரியை மூடியபோது, மேஜை நாற்காலிகளோடு ஒரு பீரோ நிறைய மைக்ரோஃபிலிம் சுருள்களும் எங்கள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்த சுருள்கள். மெஷினில் மாட்டிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். அந்த மெஷினும் கூடவே வந்தது. ஆயுத பூஜை அன்று அதன் கண்ணாடி மேலேயே வெற்றிவேல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பார். மற்றபடி அவர் அதைத் தொட்டதே இல்லை.

நூலகத்தில் ஒரு பொருள் தொலைந்தால் நூலகர் பொறுப்பு. பென்ஷனில் கை வைப்பார்கள். அந்த ஒரு பயத்திலேயே மனுஷர் உத்தியோகம் முழுவதையும் ஓட்டிவிட்டார். புத்தகம் கேட்டு வருகிற பிள்ளைகளைத் திருடர்களைப் போலப் பார்ப்பார். சுருள் பெட்டி ஒவ்வொன்றையும் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, நடுநடுவே பாச்சை உருண்டை வைத்துப் பூட்டினார். காற்றுப் படாமல் அடைத்து வைத்தால் ஃபிலிம் தானாகவே புளித்துக் கெடும், இப்போதே பீரோ பக்கம் வினிகர் வாடை அடிக்கிறது என்று சொன்னேன்.

"நாத்தந்தான சார்? இன்னும் ரெண்டு உருண்ட போட்டா சரியா பூடும்" என்றார். இவருக்கு நூலகர் என்று பெயர்!

காஷிஃபா வாணியம்பாடிப் பெண். அங்குள்ள தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு இந்த மலையிலிருந்து கடுக்காய் போன வரலாறுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அந்த வியாபாரத்தை வாராவாரம் எழுதிய ஒரு சின்னப் பத்திரிகையின் காகிதப் பிரதி எங்கேயும் கிடைக்கவில்லை. எங்கள் பீரோவில் மட்டும் சுருளாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் அவளுக்கு ஆய்வே இல்லை. ஆலங்காயம் வழியாக பஸ் ஏறி மறுபடி மறுபடி வந்தாள்.

"ஒரே ஒரு சுருள் சார். இங்கயே பாத்துட்டு குடுத்துடறேன். நீங்க பக்கத்துலயே இருங்க."

"காணாப் பூட்டா யாரும்மா பதில் சொல்றது? நான் ரிட்டேர்டு ஆவட்டும். அப்பறமா எத்தினி வேணா பாத்துக்க."

அவளை முதல்வரிடம் அழைத்துப் போனேன். நூலகர் சொல்வதுதான் முடிவு என்று அவர் நழுவிக்கொண்டார். கோழை. ஆய்வுக்குக் கெடு நெருங்க நெருங்க, காஷிஃபா வெற்றிவேல் ஓய்வு பெறும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

கடைசியில், வெற்றிவேல் ஓய்வு பெறும் முன் இருப்புச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். காஷிஃபாவும் அன்று வந்திருந்தாள். பீரோவைத் திறந்ததும் வாடை தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். அதிகாரி பெட்டிகளை மட்டும் எண்ணினார்.

"அந்த கடுக்கா பத்திரிகய தொறந்து பாருங்க சார்" என்றாள் காஷிஃபா.

திறந்தார். ஃபிலிம் சுருங்கி, சுற்றோடு சுற்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. அடுத்தடுத்த பெட்டிகளும் அப்படியே. வெற்றிவேலுக்கு முகம் வெளிறிவிட்டது.

"எண்ணிக்க சரியா இருக்குது. கெட்டுப்போனா கேள்வி இல்லீங்க, காணாம போனாத்தான் கேள்வி" என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

வெற்றிவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காஷிஃபாவைப் பார்த்து, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்:

"நல்ல வேளம்மா, உன் கையில குடுக்கல. குடுத்திருந்தா நீதான் கெடுத்தேன்னு பழி வந்திருக்கும்."

காஷிஃபா அந்த ஆய்வை அதோடு விட்டுவிட்டாள். வெற்றிவேலுக்கு ஓய்வு பெற்ற மறுமாதமே பென்ஷன் வந்துவிட்டது.