துரையின் ரோமாபுரிக் காசு

இன்று மூன்றாவது தடவையாகத் துரை பங்களாவுக்குப் போனேன். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை மனுவோடு சேர்க்க, அப்பா இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று தோட்டத்துரையின் கடிதம் ஒன்று வேண்டும்.

துரை பூதக்கண்ணாடி வைத்து, பச்சை பூத்த ஒரு செப்புக்காசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரோமாபுரிக் காசு. கப்பல்ல வந்தது. ஆயிரத்து ஐந்நூறு வருஷம்,” என்றார்.

பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அதே மாதிரிப் பழங்காசுகள்.

“அதெல்லாம் என்னாங்க தொரை?”

“அது நெறைய கெடைக்கும், யாருக்கு வேணும்? இந்த ராஜா முகம் போட்டது அபூர்வம்.”

உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். “அழுக்கா இருக்குதுங்களே. குடுங்க தொரை, வீட்டுல புளி போட்டு வெளக்கித் தரச் சொல்றேன்.”

துரை காசை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“தொடாதே! அந்தப் பச்சைதான் அதோட வயசுக்குச் சாட்சி.”

பிறகு கடிதத்தைக் கேட்டேன்.

“ஒங்கப்பன் எப்ப வந்தான்? வேலைக்காரங்க பேர் எழுதின பழைய செக்ரோல் எல்லாம் கறையான் தின்னிருச்சு. சாட்சி இல்லாம எப்படி எழுதறது? காலையிலேருந்து எத்தனை பேர் இதையே கேக்கறது?”

வெளியே வந்தேன். பங்களா வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை தேயிலைப் பச்சை. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் குழி வெட்டி நட்டது. அது சாட்சியாகாதாம்.

நாங்கள் டின் நிறைய வந்துவிட்டோம், அதுதான் தப்பு.

உங்கள் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது இந்தக் கடிதம் கிடைத்ததா? சொல்லுங்கள், வந்து பார்த்துவிட்டாவது போகிறேன். அபூர்வம் அல்லவா.