கம்ப்யூட்டருக்கு ஒரு தகடு

வீட்டுக்குள் பாம்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சங்கரன்கோவிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோமதி அம்மனை நினைத்து ஒரு தகடு நேர்ந்துகொள்வோம். கோயில் வாசல் கடையில் பாம்பு, தேள் உருவம் அடித்த தகடு விற்கும். வாங்கி உண்டியலில் போட்டால், அது அப்புறம் நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. என் வீட்டுக்குள் வந்தது பாம்பு இல்லை. கம்ப்யூட்டர். அதற்கு என்ன செய்வது?

நான் படித்தவள் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் பார்வதி எழுதுகிறாள். என் தமிழைத் துவைத்துக் காயப்போட்டுத்தான் எழுதுவாளாம். எழுதட்டும்.

என் மகன் முருகேசன் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தான். பங்குனியில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். பார்வதி இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேத்தியும் இங்கேதான். அவனும் வந்து சேர்ந்தான். அப்பனைப் போனிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை, அவன் தோளை விட்டு இறங்கவில்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்த ஏலம் ஆரம்பித்தது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு சந்தை இருக்கிறதாம். எவனோ ஒருத்தன் எனக்கு ஒரு படம் வேண்டும் என்பான். உடனே உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் நான் வரைகிறேன், நான் வரைகிறேன் என்று ஓடுவார்கள். நம்மூர் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ ஏலம் விட்டால் விலை ஏறும். இவன் ஏலத்தில் விலை இறங்கும். இவன் ஒன்று சொன்னால் அடுத்தவன் அதில் பாதி சொல்வான். அதிலும் பாதிக்கு ஒருத்தன் வருவான். ஏலத்தில் வாய் திறக்கவே காசு கட்ட வேண்டுமாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

"ஏலே, ஒருத்தனுமா உன்னக் கூப்பிடல?"

"எனக்கு இன்னும் ஸ்டார் விழலம்மா. வேல பாத்தவனுக்குத்தான் ஸ்டார் போடுவாங்க."

"அப்ப வேல பாரு."

"ஸ்டார் இருந்தாத்தான் வேல தருவாங்க."

தலை சுற்றியது. எனக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியர்கூட இப்படிச் சுற்றிவிட்டதில்லை.

இதில் எனக்கு வேறு சட்டம். எவனாவது கம்ப்யூட்டரில் பேசக் கூப்பிடுவான், உடனே முருகேசன் என்னிடம் மிக்ஸி போடாதே என்பான். அம்மியில் துவையல் அரைத்தேன். அம்மி சத்தமும் கேட்கிறதாம். துவையலைக் கடித்தா தின்பது? ஒருத்தன் மாதிரிக்கு ஒன்று வரைந்து காட்டு என்றான். இவன் இராப்பகலாக உட்கார்ந்து வரைந்து அனுப்பினான். வாங்கியவன் ஆளையே காணவில்லை. அன்றைக்கு என் மகன் சாப்பிடவில்லை.

ஆனி மாதம் ஒரு நாள் சொன்னான். "எம்மா, ஆடித் தவசு வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள ஒண்ணும் கெடைக்கலன்னா துபாய்க்குப் போறேன். அங்க கிடங்குல ஆள் எடுக்காங்களாம்."

"கிடங்குல என்ன வேல?"

"பெட்டி தூக்கணும்."

பேத்தி அவன் முதுகில் யானை ஏறிக்கொண்டிருந்தாள். பார்வதி அடுப்படிக்குள் போய்விட்டாள். அழத்தான் போனாள். (எழுதுடி, நிறுத்தாதே.) மூன்று வயதில் கரித்துண்டால் என் வீட்டுச் சுவரெல்லாம் கிறுக்கிய கை. அந்தக் கையா பெட்டி தூக்கப் போகிறது? அன்றைக்குத்தான் நான் உடைந்து போனேன். கோயிலுக்கு நடந்தேன். "தாயே, இந்தக் கம்ப்யூட்டர் சனியனை என் வீட்டை விட்டு விரட்டு. உனக்குத் தகடு போடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

வெளியே வந்து தகடு விற்கிற கடைக்காரரிடம் மகன் கதையைச் சொல்லிக் கேட்டேன். "வே, கம்ப்யூட்டர் தகடு இருக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆச்சி, பாம்பு இருக்கு, தேளு இருக்கு. கை, காலு, கண்ணு இருக்கு. கம்ப்யூட்டருக்கு நான் எங்க போவேன்? வேணும்னா கை வாங்கிட்டுப் போங்க. பையன் கையாலதான வேல பாக்கான்?"

"எம்மவன் கைக்கு என்ன கேடு? கை நல்லாத்தான் இருக்கு. கடிக்கது கம்ப்யூட்டருல்லா!"

வீட்டுக்கு வந்து மகனிடமே கேட்டேன். "ஏலே, தகடு கணக்கா ஒரு கம்ப்யூட்டர் போட்டுத் தா. தாள்ல எடுத்தாவது உண்டியல்ல போடுதேன்."

"எம்மா, உனக்குக் கிறுக்கா?"

நான் விடவில்லை. என் வாயை அடைக்கத்தான் வரைந்தான். தகட்டில் இருக்குமே, பெரிய முட்டைக் கண், ஓரமெல்லாம் புள்ளி, அப்படியே போட்டான்.

"பல்லு வையி. கடிக்குதுல்லா?"

பல் வைத்தான். வயரை வாலாக்கினான். பார்த்துவிட்டு அவனே சிரித்தான். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! கை ஓடத் தொடங்கிவிட்டது. மிக்ஸிக்கு ஒரு தகடு போட்டான், செல்போனுக்கு ஒன்று, கொசுவுக்கு ஒன்று. கடைசியில் என்னையும் ஒன்று போட்டான். கையில் கரண்டி, பின்னால் தேள் கொடுக்கு. பேத்தி உருண்டு உருண்டு சிரித்தாள்.

பார்வதிதான் சொன்னாள். "மத்த படமெல்லாம் எல்லாரும் போடுத மாதிரி இருக்கு. இத ஏத்துங்க."

"இத எவன் வாங்குவான்?" என்றான். ஆனாலும் அந்தச் சந்தையில் தனக்கு உள்ள பக்கத்தில் ஏற்றினான்.

கோமதி அம்மனின் தவசுத் திருவிழாவும் வந்தது. துபாயில் இருந்து ஒரு முடிவு சொல் என்று கேட்டுவிட்டார்கள். நான் தாளில் எடுத்த கம்ப்யூட்டர் படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு உண்டியல் பக்கம் போய்விட்டேன். கையை நீட்டும்போது பார்வதி பிடித்தாள்.

"அத்த, பாம்பு போட்டா வீட்டுக்குப் பாம்பு வராது. கம்ப்யூட்டரப் போட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டர் போனால் மகனும் துபாய்க்குப் போய்விடுவானே! அப்படியானால், கேட்டதைத்தான் தாய் செய்துகொண்டிருந்தாளா? தாளை மறுபடி செருகிக்கொண்டேன். ஓடிப்போய் சன்னதியில் நின்றேன். "அம்மா, முன்னே சொன்னதை விட்டுவிடு. கிழவி உளறிவிட்டேன். அவன் கையை மட்டும் பார்த்துக்கொள். அந்தக் கை இந்த வீட்டிலேயே வரையட்டும்" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

அந்த வாரமே வந்தது. எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற ஒருத்தி, பிள்ளைகள் விளையாடுகிற சீட்டுக்கட்டு செய்கிறவளாம். இவன் அவள் ஏலத்துக்குப் போகவே இல்லை. அவளாகத் தேடி வந்தாள். "பல் வைத்த கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்தேன். இதே மாதிரி ஒரு கட்டு முழுக்க வரைந்து தருவாயா?" என்று கேட்டிருந்தாள். முருகேசன் வாசித்துக் காட்டினான். பாதியில் நிறுத்திவிட்டு முதலில் இருந்து மறுபடி வாசித்தான். துபாய்க்கு வரவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். ஸ்டாரும் விழுந்தது. அவள் சொல்லி இன்னொருத்தர் வந்தார். இப்போது பேத்திக்கு ஏறி உட்கார அப்பன் தோள் இருக்கிறது. அது எனக்குப் போதும்.

கடைக்காரரிடம் போய் ஒரு கை வாங்கினேன்.

"அன்னைக்கே சொன்னம்லா ஆச்சி?"

"நீரு சொன்னீரு, சரி. தந்தது யாரு?" என்று கேட்டுவிட்டு உண்டியலில் போட்டேன்.

மனம் நொந்து இருக்கிறவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நம் தாயிடம் போங்கள், வாய்விட்டுக் கேளுங்கள். படித்தவளா படிக்காதவளா என்று அவள் பார்ப்பதில்லை. ஆனால் எதைக் கேட்கிறோம் என்று வீட்டிலேயே ஒரு தடவை யோசித்துக்கொண்டு போங்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் படத்தை அம்மன் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மகனுக்கு இப்போது நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பேச்சு. மிக்ஸி போடக்கூடாதாம். அம்மியும் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். அதைப் பற்றி மட்டும் தாயிடம் நான் மூச்சு விடவில்லை.